சாக்லேட் தாளில் பிறந்த பொய் மீன்: யார் இந்த லௌரி ரப்பாலா? லூர் வாங்கும் முன் அவரை ஏன் தெரிஞ்சுக்கணும்?

திண்டிவனத்தில் ஒரு வீட்டுக்கு சனிக்கிழமை மாலை பார்சல் வருகிறது. உள்ளே விரல் நீளத்தில் பளபளன்னு ஒரு பிளாஸ்டிக் மீன். வரைந்த கண், வயிற்றுக்கடியில் இரண்டு மூணு-முள் கொக்கி, மூக்குக்குக் கீழே ஒரு சின்னத் தகடு. மறுநாள் காலை ஏரிக்கரையில் நின்று நாற்பது தடவை வீசியாச்சு, ஒரு கடிகூட இல்லை. பக்கத்தில் மண்புழுவோடு உட்கார்ந்திருந்த தாத்தா அதற்குள் ஒரு பை நிறைய கெளுத்தியோடு கிளம்பிவிட்டார்.

தப்பு எங்கே? பெரும்பாலும் கலரைப் பார்த்து வாங்கியதில்தான். ஆப்பில் ஸ்க்ரோல் பண்ணும்போது நம்ம கண்ணுக்கு எது அழகோ அதை எடுக்கிறோம். மீன் கலரை மட்டும் பார்த்துக் கடிப்பதில்லை, அசைவைப் பார்க்கிறது. இதைக் கிட்டத்தட்ட 90 வருஷத்துக்கு முன்னாடியே கண்டுபிடித்து, தன் வாழ்க்கையையே அதன் மேல் கட்டியவர் ஒரு ஏழை மீனவர். இன்று உலகம் முழுக்க தூண்டில் கடைகளில் தொங்கும் பெயர் அவருடையது. அவர்தான் லௌரி ரப்பாலா.

அவர் கதை தெரிந்தால், எந்த லூர் வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

சேறு என்று ஒரு குடும்பப் பெயர்

லௌரி பிறந்தது 1905 நவம்பரில், ஃபின்லாந்தின் சைஸ்மா என்ற ஊரில். அப்போது ஃபின்லாந்து தனி நாடு கிடையாது, ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. சுதந்திரம் கிடைத்தது 1917-ல்தான்.

சின்ன வயதிலேயே அம்மாவோடு பக்கத்து ஆசிக்கலா பகுதிக்குக் குடிபெயர்ந்தார். இன்று உலகப் பிராண்டாக இருக்கும் பெயர் அங்கேதான் வந்தது. தேவாலயப் பதிவேட்டில் குடும்பப் பெயரை எழுத வேண்டிய பாதிரியாருக்கு அவர்களுடைய பெயர் நினைவுக்கு வரவில்லையாம். எந்தக் கிராமத்திலிருந்து வந்தார்களோ அந்த ஊரின் பெயரையே எழுதிவிட்டார், ரப்பாலா என்று. ஃபின்னிஷ் மொழியில் ரப்பா என்றால் சேறு. சொத்து, படிப்பு எதுவும் இல்லாத பையனுக்குக் கிடைத்த முதல் பட்டம் அது.

வளர்ந்த பிறகும் நிலைமை மாறவில்லை. குளிர்காலத்தில் காட்டில் மரம் வெட்டும் வேலை, கோடையில் பண்ணைக் கூலி, மீன்பிடி. 1928-ல் எல்மாவைத் திருமணம் செய்தார். பிள்ளைகள் அடுத்தடுத்துப் பிறந்தார்கள். 1930களின் பொருளாதார மந்தம் ஃபின்லாந்தையும் விடவில்லை. ஏரியில் என்ன கிடைக்கிறதோ அதுதான் அன்றைய சாப்பாடு என்ற நிலை.

படகில் உட்கார்ந்து அவர் பார்த்தது என்ன?

ஃபின்லாந்துக்கு ஆயிரம் ஏரிகளின் நாடு என்று பெயர். அதில் பெரிய ஏரிகளில் ஒன்று பைய்யன்னே. லௌரியின் வயிற்றுப்பாடு அந்த ஏரியில்தான்.

அவர் பிடித்த முறை நம்ம ஊர் ஆயிரங்கால் தூண்டில் மாதிரி. ஒரே நீளக் கயிற்றில் நூற்றுக்கணக்கில் கொக்கிகள். ஒவ்வொன்றிலும் குட்டி மீனைக் கோத்து மாட்ட வேண்டும். அந்தக் குட்டி மீனை முதலில் பிடிக்க வேண்டும். அது செத்துப் போனால் மாற்ற வேண்டும். மீன் பிடிப்பதை விட இரை தேடுவதிலேயே நாள் போய்விடும்.

துடுப்பு போடும் நேரத்தில் அவர் சும்மா இல்லை, தண்ணிக்குள் பார்த்துக்கொண்டே இருந்தார். குட்டி மீன் கூட்டம் ஒன்றாக நீந்துகிறது. கீழேயிருந்து ஒரு பெரிய மீன் பாய்கிறது. கூட்டம் சிதறுகிறது. நூறு குட்டிகளில் பெரிய மீன் குறி வைப்பது எதை? கொஞ்சம் கோணலாக, தள்ளாடிக்கொண்டு நீந்தும் ஒன்றை. காயம் பட்டதை, நோயில் இருப்பதை, கூட்டத்தோடு ஓட முடியாததை.

காரணம் எளிது. துரத்துவதற்குப் பெரிய மீன் செலவழிக்கும் சக்தி, கிடைக்கும் சாப்பாட்டை விடக் குறைவாக இருக்க வேண்டும். அதனால் சுலபமாகப் பிடிபடுவதைத் தேர்ந்தெடுக்கிறது. பைய்யன்னேவில் பைக் மீன் செய்வதும் நம்ம ஏரியில் விரால் செய்வதும் ஒரே கணக்குதான்.

லௌரிக்கு அங்கேதான் பொறி தட்டியது. தள்ளாடும் குட்டி மீனைப் போலவே நடிக்கும் ஒரு பொம்மையைச் செய்துவிட்டால், தினமும் இரை பிடிக்க அலைய வேண்டாம்.

1936: தக்கை, செருப்புக் கத்தி, சாக்லேட் தாள்

கையில் காசில்லை. வீட்டில் இருந்ததை வைத்துத்தான் ஆரம்பித்தார். உடம்புக்குத் தக்கை. செதுக்க, செருப்பு தைப்பவர்கள் பயன்படுத்தும் கத்தி. வழவழப்பாக்க உப்புத்தாள். மீன் செதில் போல மினுங்க, சாக்லேட் சுற்றி வரும் ஈயத்தாள். தண்ணீர் இறங்காமல் இருக்க வார்னிஷ் வேண்டுமே? பழைய போட்டோ நெகட்டிவ்களை உருக்கிப் பூசினார்.

முதல் லூர் 1936-ல் தயாரானது. நம்ம ஊரில் தூண்டில் கட்டுபவர்களுக்குத் தக்கை தெரியும், மிதவையாகக் கட்டுவது. அதே தக்கையை அவர் மீனாக்கிவிட்டார்.

இங்கே கவனிக்க வேண்டியது, அவர் அழகான மீன் பொம்மை செய்யவில்லை. நேராக நீந்தும் பொம்மையும் அவருக்கு வேண்டாம். சரியான அளவுக்குத் தள்ளாட வேண்டும். அதிகமாக ஆடினால் சுழன்று கவிழும், குறைவாக ஆடினால் குச்சி மாதிரி வரும். செதுக்குவார், ஏரியில் இழுத்துப் பார்ப்பார், மறுபடி செதுக்குவார். அந்த ஆட்டம் கைவந்த பிறகு, ஒரே நாளில் 270 கிலோ வரை மீன் பிடித்திருக்கிறார் என்பது அவருடைய நிறுவனம் இன்றும் சொல்லும் கதை. ஊர்க்காரர்கள் அந்தப் பொம்மையைக் கேட்டு வீட்டுக்கே வர ஆரம்பித்தார்கள்.

போர் வந்தது, பிள்ளைகள் வளர்ந்தார்கள்

1939 குளிர்காலத்தில் சோவியத் யூனியன் ஃபின்லாந்து மேல் படையெடுத்தது. இடையில் கொஞ்ச காலம் ஓய்வு, பிறகு 1944 வரை மறுபடி சண்டை. லௌரியும் ராணுவத்தில் இருந்தார். போர் முடிந்து திரும்பியபோது நாடே கடனில் கிடந்தது. மரம் வெட்டி, மீன் பிடித்து, இடையிடையே லூர் செதுக்கி மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

இந்த முறை அவர் தனியாள் இல்லை. ரெய்யோ, ரிஸ்டோ, என்சியோ என்று மகன்கள் பட்டறைக்கு வந்தார்கள். தச்சு வேலையும் இயந்திர வேலையும் கற்றுக்கொண்டு, கையால் செதுக்கியதை மிஷினில் செதுக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். தக்கைக்குப் பதிலாக பால்சா மரம் வந்தது. ரொம்ப லேசான மரம் அது, அதனால் தண்ணியில் இன்னும் உயிரோட்டமாக ஆடும்.

மிஷின் வந்தாலும் ஒரு விஷயத்தை லௌரி விடவில்லை. ஒவ்வொரு லூரையும் தண்ணியில் இழுத்துப் பார்த்து, நேராக வருகிறதா, சரியாக ஆடுகிறதா என்று சோதித்த பிறகுதான் பெட்டிக்குள் போகும். சரியில்லை என்றால் கொக்கிக் கண்ணைக் கொஞ்சம் வளைத்து மறுபடி சோதனை. வாங்குபவர் ஏரிக்கு எடுத்துப்போனதும் வேலை செய்ய வேண்டும், அவ்ளோதான் அவர் கணக்கு.

மர்லின் மன்றோ அட்டைப்படமும் 30 லட்சம் ஆர்டரும்

1952-ல் ஹெல்சின்கியில் ஒலிம்பிக் நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் சிலர் இந்த மர மீனை ஊருக்கு எடுத்துப்போனார்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலும் ஏரிகள் அதிகம், ஃபின்லாந்திலிருந்து போய்க் குடியேறியவர்களும் அதிகம். அங்கே மற்றவர்கள் வெறுங்கையோடு திரும்பும்போது ஒருவருக்கு மட்டும் மீன் விழுவதை தூண்டில் சாமான் விற்பனையாளர் ரான் வெபர் கவனித்தார். நண்பர் ரே ஆஸ்ட்ரமோடு சேர்ந்து 1959-ல் இறக்குமதியைத் தொடங்கினார்.

அதிர்ஷ்டம் அடித்தது 1962 ஆகஸ்டில். லைஃப் என்ற பிரபல அமெரிக்கப் பத்திரிகை லௌரியின் லூரைப் பற்றி ஒரு கட்டுரை போட்டது. அதே இதழின் அட்டையில் யார் தெரியுமா? சில நாட்களுக்கு முன் இறந்துபோன மர்லின் மன்றோ. அமெரிக்கா முழுக்க வீடு வீடாகப் போன இதழ் அது. அவரைப் பற்றிப் படிக்க வாங்கியவர்கள், பக்கத்தைப் புரட்டியதில் இந்தப் பொய் மீனையும் பார்த்தார்கள்.

ஆர்டர்கள் மூட்டை மூட்டையாக வந்தன. மொத்தம் 30 லட்சத்தைத் தொட்டதாக நிறுவனம் சொல்கிறது. பட்டறையால் அந்த அளவுக்குச் செய்யவே முடியாது. அமெரிக்காவில் சில கடைக்காரர்கள் லூரை வாடகைக்கு விட்ட கதைகூட உண்டு. வாக்ஸி என்ற இடத்தில் தொழிற்சாலை பெரிதானது.

இந்த இடத்தில் பல தொழில்கள் சறுக்கும். கேட்பவர்கள் அதிகம், சரக்கு குறைவு என்றால் முதலில் வெட்டு விழுவது தரச் சோதனைக்குத்தான். ரப்பாலா குடும்பம் தண்ணித் தொட்டிச் சோதனையை நிறுத்தவில்லை. தாமதமானாலும் பரவாயில்லை என்று நின்றார்கள். பிராண்ட் நிலைத்ததற்கு அட்டைப்படத்தை விட இதுதான் பெரிய காரணம்.

லௌரி 1974-ல் இறந்தார். வயது 68. கடைசி வரை ஏரிக்கரை மனிதராகவே இருந்தார். அவர் தொடங்கிய பட்டறை இன்று ஹெல்சின்கி பங்குச்சந்தையில் இருக்கும் பன்னாட்டு நிறுவனம்.

அப்போ பிளாஸ்டிக் எங்கிருந்து வந்தது?

கடினப் பிளாஸ்டிக் லூர் லௌரியின் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹெட்டன் என்ற தேனீ வளர்ப்பாளர் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் மரத்தில் தவளை செதுக்கி பாஸ் மீன் பிடித்தார். அவர் பெயரில் வந்த கம்பெனி, அவர் இறந்த பிறகு, 1930களில் மரத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அச்சில் பிளாஸ்டிக்கை ஊற்றி வார்ப்பது மலிவானது. அதிலிருந்து சந்தை பிளாஸ்டிக் பக்கம் சாய்ந்தது. இன்று ரப்பாலா பெயரிலேயே நிறைய பிளாஸ்டிக் லூர்கள் வருகின்றன.

என்ன வித்தியாசம்? பால்சா லேசு, ஆட்டம் அருமை. ஆனா எதிர்க்காற்றில் தூரம் போகாது, கல்லில் அடிபட்டால் உடையும். பிளாஸ்டிக் உறுதி, எல்லாம் ஒரே அச்சு, உள்ளே காலி இடம் இருப்பதால் எடையும் வைக்கலாம், சத்தம் போடும் குண்டும் வைக்கலாம். தூரமாக வீசலாம். பிரச்சினை ஒன்றுதான்: அச்சு மட்டமாக இருந்தால் மொத்தச் சரக்கும் மட்டம். சோதிக்கும் வேலை நம்ம தலையில் விழுகிறது.

நம்ம தண்ணிக்கு எது சரி?

பாஸ் என்று அமெரிக்கர்கள் சொல்லும் மீன் நம்ம ஏரிகளில் கிடையாது. அந்த இடத்தில் இங்கே இரண்டு பேர். நல்ல தண்ணியில் விரால். மரக்காணம் பக்கம் கழிமுகத்திலும் உப்பங்கழியிலும் கொடுவா. ஆங்கிலத்தில் ஏசியன் சீ பாஸ் என்று சொல்வது இந்தக் கொடுவாவைத்தான். ரெண்டுமே பதுங்கியிருந்து பாயும் வேட்டை மீன்கள். லௌரியின் பாடம் அப்படியே பொருந்தும்.

*முதலில் ஆழம்.* மூக்குக்குக் கீழே இருக்கும் தகடுதான் லூரின் ஸ்டியரிங். இழுக்கும்போது தண்ணீர் அதில் மோதி லூரைக் கீழே தள்ளும், இடம் வலமாக ஆட்டும். தகடு நீளமாக, உடம்புக்கு நேர்கோட்டில் நீட்டியிருந்தால் ஆழத்துக்குப் போகும். சின்னதாக, செங்குத்தாக இருந்தால் மேலாகவே வரும். விழுப்புரம் மாவட்ட ஏரிகள் கோடையில் இடுப்பளவுக்கு வற்றிவிடும். அங்கே நீளத் தகடு லூர் போட்டால் சேற்றை உழுதுகொண்டு வரும். மிதக்கும் வகை, சின்னத் தகடு போதும்.

*அடுத்து செடி.* தாமரை, ஆகாயத்தாமரை, கோரை இருக்கும் இடத்தில் மூணு-முள் கொக்கி உடனே மாட்டும். விரால் இருப்பதும் அங்கேதான். அந்த இடத்துக்குக் கடினப் பிளாஸ்டிக்கே வேண்டாம், முள் மறைந்திருக்கும் ரப்பர் தவளைதான் சரி. செடி இல்லாத திறந்த விளிம்புக்கு மட்டும் பிளாஸ்டிக் மீனை வைத்துக்கொள்ளுங்க.

*அளவு.* அந்தத் தண்ணியில் எந்தக் குட்டி மீன் ஓடுகிறதோ அந்த அளவு. ஏரியில் கெண்டைக் குஞ்சு, கழிமுகத்தில் மடவைக் குஞ்சு. கரையில் பத்து நிமிஷம் சும்மா நின்று பாருங்க. லௌரி வருஷக்கணக்கில் செய்த வேலை அது.

*கலர் கடைசிதான்.* தண்ணி தெளிவாக இருந்தால் வெள்ளி, இயல்பான நிறம். மழைக்குப் பிறகு தென்பெண்ணை கலங்கி ஓடும்போது, பளிச்சென்ற மஞ்சள்-பச்சை அல்லது அடர் கருமை, கூடவே உள்ளே குண்டு உருளும் சத்தம். கலங்கலில் மீன் கண்ணை விட உடம்பில் உணரும் அதிர்வை அதிகம் நம்புகிறது.

*கொக்கியும் முடிச்சும்.* கொடுவாவுக்கு வாய் கெட்டி, செவுள் மூடியின் ஓரம் கத்தி மாதிரி. மலிவு லூரில் வரும் மெல்லிய முள் நிமிர்ந்துவிடும். முள்ளை மாற்றி, முன்னால் தடித்த நரம்பு கட்டுங்க. லூரின் மூக்கில் இறுக்கி முடிச்சுப் போடாதீங்க. சின்ன வளையம் விட்டுக் கட்டினால்தான் தாராளமாக ஆடும். அந்த வளைய முடிச்சுக்கே ரப்பாலா முடிச்சு என்றுதான் பெயர்.

*வாங்கியதும் சோதனை.* கரையோரத் தண்ணியில் மெதுவாக இழுத்துப் பாருங்க. இடது பக்கம் சாய்ந்து ஓடினால் மூக்கு வளையத்தை வலது பக்கம் துளி வளைக்கணும், வலது பக்கம் ஓடினால் இடதுக்கு. ஒரு மில்லிமீட்டர்கூட வேண்டாம், அதற்கும் குறைவு. வாக்ஸி தொழிற்சாலைத் தொட்டியில் நடந்தது இதே வேலைதான்.

வீசும் முன் யோசிக்க வேண்டியது

லௌரி காலத்துக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. அவர் பசிக்காகப் பிடித்தார். நம்மில் பலர் ஞாயிற்றுக்கிழமைக்காகப் பிடிக்கிறோம். ஆனா அதே தண்ணியை நம்பிப் பிழைப்பவர்கள் இன்றும் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

பல ஏரிகளிலும் அணைகளிலும் மீன் பிடிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்படுகிறது. குஞ்சு விட்டு வளர்ப்பவர் யாரோ ஒருவர் இருப்பார். கேட்காமல் வீசுவது அவர் வயிற்றில் அடிப்பது. மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வனத்துறையின் கட்டுப்பாடுகள் உண்டு, எங்கே அனுமதி என்று விசாரிக்காமல் இறங்காதீங்க. அறுந்து கிடக்கும் நரம்பு ஒரு நாரையின் காலைச் சுற்றினால், அது தானாக அவிழாது.

இன்னும் ரெண்டு விஷயம். தண்ணிக்கு மேலே செவசெவன்னு குஞ்சுக் கூட்டம் கொதிப்பது போலத் தெரிந்தால், கீழே விரால் காவல் நிற்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் பக்கத்தில் எது வந்தாலும் பாயும், சுலபமாக மாட்டும். அதைத் தூக்கிவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒரே நாளில் முடித்துவிடும். கொடுவா இன்னும் வினோதம். ஆணாக வளர்ந்து, சில வருஷங்களில் பெண்ணாக மாறும். அதனால் ரொம்பப் பெரிய கொடுவா பெரும்பாலும் முட்டை போடும் பெண். செல்ஃபி எடுத்துவிட்டு அதைத் திருப்பி விட்டால், அடுத்த வருஷம் கழிமுகத்தில் மீன் இருக்கும்.

பலவீனமானதைத்தான் வேட்டை மீன் முதலில் பிடிக்கும் என்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர் லௌரி. அவரிடம் ஆப் இல்லை, ரிவ்யூ இல்லை, ஸ்டார் ரேட்டிங் இல்லை. ஒரு படகும் பார்க்கும் பொறுமையும்தான் இருந்தன. அடுத்த முறை கார்ட்டில் போடும் முன், உங்க ஏரிக்கரைக்குப் போய் பத்து நிமிஷம் உட்காருங்க. எந்த லூர் வேண்டும் என்று தண்ணியே காட்டிவிடும்.